இரண்டு மஞ்சள் கூட்டம்

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கடைசி வேலை உண்டு. பிள்ளைகள் எல்லாரும் இறங்கின பிறகு வண்டியை நிறுத்திவிட்டு, பின்சீட்டு வரைக்கும் நடந்துபோய், ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்க்க வேண்டும். எங்கேயாவது ஒரு குட்டி அசந்து தூங்கிக்கொண்டிருக்கும். மாண்ட்கோமரியில் வெர்லீன் டாலிவர் இத்தனை வருஷத்தில் அந்த வேலையை ஒருநாள்கூட விட்டதில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டாலும் கம்பியைப் பற்றிக்கொண்டு நடப்பாள். ஒற்றைச் செருப்பு கிடைத்திருக்கிறது, பாதி கடித்த ஆப்பிள் கிடைத்திருக்கிறது, ஒரு தரம் உயிரோடு ஒரு ஆமை கிடைத்தது. பிள்ளை மட்டும் விடுபட்டதே இல்லை. “ஆண்டவரே, நீர் ஏத்திவிட்டதை எல்லாம் பத்திரமா இறக்கிட்டேன்” என்று சொல்லிவிட்டுத்தான் சாவியை எடுப்பாள்.

ஆள் நல்ல வாட்டசாட்டம். குரல் அதைவிடப் பெரிது. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அவள் பாட்டெடுத்தால் மைக்கை அணைத்துவிடுவார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், “தினம் ஒரு பஸ் நிறையப் பிள்ளைங்க இருக்கு எனக்கு. இன்னும் புருஷன்னு ஒரு பெரிய பிள்ளை எதுக்கு?” என்பாள்.

அவளுடைய சித்தி மகள் ஷெரிஸ். இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே போர்வையை இழுத்து இழுத்துச் சண்டை போட்டு வளர்ந்தவர்கள். ஷெரிஸுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் நைலாவுக்கு ஒன்பது வயது, வாய் நீளம். சின்னவள் ப்ரியெலுக்கு ஐந்து, சிரிக்க ஆரம்பித்தால் விக்கல் வந்துதான் நிற்கும். ஷெரிஸ் கோழிக் கம்பெனியில் ராத்திரி ஷிப்டு பார்த்தாள். ஒரு குளிர்காலத்தில் பில் கட்ட முடியாமல் வீட்டில் கரண்டைத் துண்டித்துவிட்டார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பிள்ளைகள் தனியாக இருப்பதைப் பார்த்து யாரோ போன் போட்டார்கள். இரண்டு போலீஸ் கார் வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போயின. அந்த அடியில் ஷெரிஸ் குடியில் விழுந்தாள். இப்போது வேறொரு ஊரில் மறுவாழ்வு இல்லத்தில் இருக்கிறாள். “எம் பிள்ளைங்களை வெர்லிகிட்ட குடுங்க” என்று அவளே குழந்தைகள் நல ஆபீஸில் சொல்லியாயிற்று.

வெர்லீனின் பஸ் போகிற அதே பாதையில் ஒரு வெள்ளைக்கார அம்மா இருக்கிறாள். அவளும் ராத்திரி வேலைக்காரிதான். அதே குளிரில் பில் கட்டாமல் அவள் வீட்டிலும் கரண்டைத் துண்டித்தார்கள். அங்கே நல ஆபீஸிலிருந்து கம்பளி வந்தது, ஹீட்டர் வந்தது, கூடமாட ஒத்தாசைக்கு ஒரு பெண்ணும் வந்தாள். நல்ல காரியம், கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றுதான் வெர்லீனும் சொன்னாள். ஆனால் அந்த ஆபீஸில் போய் உட்கார்ந்தபோது அவள் பிள்ளைகளின் தலைகளை எண்ணிப் பார்த்தாள். அவள் பஸ்ஸில் கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைக்காரப் பிள்ளைகளும் பாதிக்குப் பாதி. ஆபீஸ் பெஞ்சில் காத்திருந்த பிள்ளைகளோ ஏறக்குறைய எல்லாமே நைலாவைப் போலக் கறுப்பு நிறம். “கம்பளி ஒரு பக்கம் போகுது, போலீஸ் ஒரு பக்கம் போகுது. விலாசம் எழுதறது யாரு ஆண்டவரே?” என்று அன்றைக்கு ஜெபத்திலேயே கேட்டுவிட்டாள்.

பிள்ளைகளை என்னிடம் கொடுங்கள் என்று அவள் கேட்டபோது, முதலில் அறை ஜன்னல் சின்னது என்றார்கள். சுவரை இடித்து ஜன்னலைப் பெரிதாக்கினாள். அப்புறம், அவளுடைய அண்ணன் பேரில் ஒரு பழைய கேஸ் அதே விலாசத்தில் இருக்கிறதே என்றார்கள்.

“அவன் கல்லறைக்குப் போயி ரொம்ப நாளாச்சு மேடம். அங்கேருந்து எந்திரிச்சு வந்து யாரையும் தொந்தரவு பண்ணமாட்டான்” என்றாள் வெர்லீன்.

அதற்குள் பிள்ளைகளின் கேஸைப் பார்த்த ஆபீஸ் பெண்மணி மாறிப்போனாள். அடுத்து வந்தவளும் மாறிப்போனாள். மாறி மாறி வந்ததில், ‘பொறுப்பெடுக்க உறவினர் இல்லை’ என்று யாரோ எழுதிவைத்தது மட்டும் மாறவில்லை. பிள்ளைகள் தூரத்தில் ஒரு சின்ன ஊரில் வெள்ளைக்காரத் தம்பதி வீட்டில் வளர்ந்தார்கள். நல்ல மனுஷர்கள்தான், குறை சொல்லக்கூடாது. ஆனாலும் நைலா கடைக்குப் போனால் கடைக்காரர் சந்தேகத்தோடு பின்னாலேயே வருவார். அந்த ஊரில் தன்னைப் போல ஒரு முகத்தைப் பார்க்காமல் ப்ரியெல் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சையே நிறுத்திவிட்டாள். ஏதாவது வேண்டுமென்றால் அக்கா காதில் கிசுகிசுப்பாள். அவ்வளவுதான்.

இப்போது அந்தத் தம்பதி ஒஹாயோ மாநிலத்துக்குக் குடிபோகிறார்கள். போகும்போது சின்னவளைத் தத்தெடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். சின்னவளை மட்டும். நைலாவை யாரும் கேட்கவில்லை. திங்கட்கிழமை நீதிபதி முடிவு சொல்வார். அதற்கு முன்னால் சனிக்கிழமை ஒரே ஒரு சந்திப்பு. அதைப் பார்த்துவிட்டு ஆபீஸ் பெண்மணி என்ன சொல்கிறாளோ அதுதான் எடுபடும்.

அந்தச் சனிக்கிழமைதான் டாலிவர் குடும்பத்தின் வருஷக் கூடுகை. ஜூலை வந்தால் இங்கே ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு பூங்காவில் கூடிவிடும். டெட்ராய்ட், சிகாகோ என்று எங்கெங்கோ போனவர்கள் எல்லாம் வருவார்கள். பிறந்த குழந்தையிலிருந்து பல் போன தாத்தா வரைக்கும் எல்லாருக்கும் ஒரே நிறத்தில் சட்டை. கேஸைப் புதிதாக எடுத்திருந்த மிஸ் ப்ரூவர் சின்ன வயசு வெள்ளைக்காரப் பெண். “குடும்பத்தைப் பாக்கணும்னா பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அங்கேயே வந்து பாத்துடறேன்” என்று சொல்லிவிட்டாள். கூடவே தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னாள். “கால் மணி நேரம் காத்திருப்பேன் மிஸ் டாலிவர். உங்களைப் பாக்க முடியலைன்னா, வரலைன்னுதான் எழுதணும். ஏற்கெனவே ஒரு தடவை அப்படி எழுதியிருக்கு.”

அந்த ஏற்கெனவே ஒரு தடவை, ஆபீஸ்காரர்கள் இடத்தை மாற்றிவிட்டு அவளிடம் சொல்ல மறந்த தடவை. வெர்லீன் அதைக் கிளறவில்லை. “பூங்காவுக்குள்ள வந்து மஞ்சள் சட்டைக் கூட்டத்தைப் பாருங்க மேடம். அதான் நாங்க. தப்பவே தப்பாது” என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் பூங்கா முழுக்கப் புகை. வெர்லீனின் சித்தப்பா மகன் ஒடெல் அடுப்பில் பன்றி விலாவைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான். லுர்லீன் அத்தை, நடக்க முடியாதவர்களுக்காக வைத்திருந்த பேட்டரி வண்டியில் ராணி மாதிரி உட்கார்ந்து, மடியில் பீச் பழப் பணியாரத்தைக் காவல் காத்தார். வெர்லீன் இஸ்திரி போட்ட இரண்டு சின்ன மஞ்சள் சட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தபடி நடந்தாள்.

“ஏண்டி இப்படி முட்டைக்கு எடம் தேடற கோழி மாதிரி சுத்தற? உக்காரு” என்றார் அத்தை.

“மணி ரெண்டே கால் ஆகப்போகுது அத்தை. ரெண்டுக்கு வரேன்னாங்க.”

“ரெண்டுன்னா நாலுக்கு வருவாங்க.”

“அது நம்ம ஆளுங்க அத்தை.”

“தெரியுதுல்ல? அதுக்குத்தான் நான் எல்லாரையும் காலையில எட்டு மணிக்கே வரச்சொன்னேன்.”

வெர்லீன் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கிறவர் இல்லை. கார் நிறுத்துகிற இடத்துக்கு ஓடினாள். அங்கே ஆபீஸ் கார் நின்றது. பின்சீட்டில் ப்ரியெலின் துணி முயல் கிடந்தது. வெர்லீன் கண்ணாடியில் முகத்தை ஒட்டவைத்து, பழக்க தோஷம், சீட்டுக்கு அடியில்கூடப் பார்த்துவிட்டாள். ஆள் இல்லை. வந்தார்கள், ஆனால் எங்கே போனார்கள்? கால் மணி தாண்டிவிட்டது. அப்போது குளத்துக்கு அந்தக் கரையிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கரை முழுக்க மஞ்சள்.

“ஒடெல்! அங்க பாருடா! யாருடா அது?”

ஒடெல் கரண்டியும் கையுமாக வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். “நாமதான்.”

“நாம இங்க இருக்கோம்டா!”

“அட, ஆமாம்ல!”

சட்டை அச்சடித்துக் கொடுத்த சபை ஊழியர் டீக்கன் க்ளீவன் மெதுவாகத் தட்டோடு நழுவப் பார்த்தார். வெர்லீன் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

“டீக்கன், இந்த நிறம் வேற ஒருத்தருக்கும் தரலைன்னு சொன்னீங்களே?”

“தரலையே சிஸ்டர். உங்களது எலுமிச்சை. அவங்க பிக்கெட் குடும்பம், அவங்களது மாம்பழம்.” குளத்தைப் பார்த்தார். “வெயில்ல பாத்தா கொஞ்சம் ஒண்ணாத்தான் தெரியுது.”

“உங்களுக்கு ஜெபம் பண்ணணும் டீக்கன். இப்ப நேரமில்லை!”

குளத்தைச் சுற்றிப் போக வேண்டும். வெர்லீன் பேட்டரி வண்டியைப் பிடித்தாள். “இறங்குங்க அத்தை.”

“இறங்கினா மறுபடி ஏத்த நாலு ஆளு வேணும். நீ ஓட்டு!”

ஒடெல் பின்னால் தொற்றிக்கொண்டான். வண்டி கிளம்பியது. கிளம்பியது என்று ஒரு பேச்சுக்குச் சொல்வதுதான். வாத்துக் கூட்டம் ஒன்று அதை முந்திக்கொண்டு போனது. “அழுத்துடி” என்றார் அத்தை. “இவ்வளவுதான் அழுத்த முடியும்!” என்றாள் வெர்லீன். “பஸ்ஸு ஓட்டறவன்னு பேரு!” என்றார் அத்தை. பொறுக்கமுடியாமல் வெர்லீன் குதித்து இறங்கி, “ஒடெல், நீ ஓட்டிட்டு வா” என்று சொல்லிவிட்டு ஓட ஆரம்பித்தாள். முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி பறந்து குளத்தில் விழுந்தது. அது போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்தக் கரையில் எங்கே பார்த்தாலும் மாம்பழ மஞ்சள். யாரென்று தேடுவது? வெர்லீன் மூச்சை இழுத்து, பஸ்ஸில் போடுகிற சத்தத்தைப் போட்டாள்.

“உக்காருங்க எல்லாரும்!”

கூட்டத்தில் ஏழெட்டுப் பெரிய ஆண்பிள்ளைகள், தாடி வைத்தவர்கள், கையில் பிள்ளை வைத்திருந்தவர்கள், சடாரென்று புல்லில் உட்கார்ந்தார்கள். அவள் பஸ்ஸில் போய்ப் படித்தவர்கள். உட்கார்ந்த பிறகுதான் ஏன் உட்கார்ந்தோம் என்று யோசித்தார்கள்.

“மிஸ் வெர்லீன்தானே அது?” என்றான் ஒருவன், இன்னும் எழுந்திருக்கத் துணியாமல்.

உட்கார்ந்தவர்களுக்கு அப்பால் தெரிந்தது காட்சி. வரிசை கட்டி ஆடுகிறவர்களின் நடுவில், முழங்கால் வரைக்கும் தொங்குகிற பிக்கெட் சட்டையில், ப்ரியெல் ஆடிக்கொண்டிருந்தாள். ஆடியது மட்டுமா? தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நீண்ட மேஜை. மிஸ் ப்ரூவர் ஆபீஸ் உடுப்புக்கு மேல் மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு, கன்னத்தில் குழம்பு அப்பியிருக்க, விலா எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் ஒரு அம்மாள், அந்தப் பக்கம் ஒரு அம்மாள், யாருடைய உருளைக்கிழங்கு சாலட் உசத்தி என்று அவளை வைத்துப் பஞ்சாயத்து. எதிரே நைலா, பக்கத்தில் வெள்ளை மீசைக்காரர் ஒருவர். அவரை எல்லாரும் ரோசெல் மாமா என்றார்கள்.

“வாங்க மிஸ் டாலிவர்!” மிஸ் ப்ரூவர் எலும்பை ஆட்டினாள். “உங்க குடும்பம் ரொம்ப அருமை. என்னை எழுந்திருக்கவே விடமாட்டேங்கிறாங்க!”

வெர்லீன் ஏதோ சொல்லப் போனாள். ரோசெல் மாமா கண்ணைச் சிமிட்டினார். நைலா தலையை மெல்ல ஆட்டி, வேண்டாம் என்றாள். சும்மா இருந்தால் போதும். சந்திப்பு நடந்தது, குடும்பம் நல்ல குடும்பம், எல்லாம் முடிந்தது. சொன்னாலோ, கால் மணி தாண்டியதும் அம்பலமாகும், இத்தனை நேரமும் அந்நியர் நடுவில் பிள்ளைகள் இருந்ததும் அம்பலமாகும். வெர்லீன் கண்ணை மூடி ஒரு விநாடி ஆண்டவரிடம் பேசினாள். திறந்து மிஸ் ப்ரூவரை நேராகப் பார்த்தாள்.

“மேடம், இது எங்க குடும்பம் இல்லை.”

பாட்டை யாரோ நிறுத்தினார்கள். மிஸ் ப்ரூவர் எலும்பைத் தட்டில் வைத்தாள். ரோசெல் மாமாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“இவங்க உங்க வீட்டுப் பிள்ளைங்கன்னு நீங்க சொன்னீங்களே?”

“நான் எங்க சொன்னேன்? உங்க வீட்டுப் பிள்ளையான்னு நீங்க கேட்டீங்க. ‘அதோட தட்டைப் பாருங்க மேடம், அசலார் வீட்டுல சாப்பிடற தட்டு மாதிரியா இருக்கு?’ன்னு நான் கேட்டேன். பொய் ஒரு வார்த்தை சொல்லலை. நான் சபை மூப்பன்.”

“அவரைத் திட்டாதீங்க” என்று நைலா எழுந்தாள். “எனக்கு வந்ததுமே தெரியும். லுர்லீன் பாட்டி இல்லாம எங்க கூடுகை ஏது? ஆனா சொன்னா, நீங்க கார்ல உக்காந்து வாட்சைப் பாப்பீங்க. அப்புறம் வரலைன்னு எழுதிட்டு எங்களைக் கூட்டிட்டுப் போயிருவீங்க. சாப்பிட உக்கார வெச்சிட்டா நீங்க எங்கயும் போக முடியாதுன்னு மாமா சொன்னாரு. பெரியம்மா எப்படியும் தேடி வந்துரும்னு நான் சொன்னேன். அது ஒரு சீட்டு விடாம தேடும்.”

மிஸ் ப்ரூவர் சுற்றிலும் பார்த்தாள். “அப்ப இவங்க யாருன்னே தெரியாமயா நீங்க எல்லாரும் சட்டை குடுத்து, சோறு போட்டு...”

“யாரு வீட்டுப் பிள்ளைன்னு கேட்டுட்டா சோறு போடுவாங்க?” என்றாள் சாலட் அம்மாள்களில் ஒருத்தி. உண்மையிலேயே அவளுக்குப் புரியவில்லை.

அதற்குள் ப்ரியெல் பெரியம்மாவைப் பார்த்துவிட்டாள். ஆட்டக்காரர்களின் கால்களுக்கு நடுவே புகுந்து பாய்ந்து வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, குளத்து வாத்துகள் எல்லாம் பறக்கிற மாதிரிக் கத்தினாள்: “பெரியம்மா! இங்க எல்லாரும் என்னை மாதிரியே இருக்காங்க! எல்லாரும்!” கத்திவிட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்து விக்கல் வந்தது.

மிஸ் ப்ரூவர் எழுந்துவிட்டாள். “இவ குரலை நான் இன்னிக்குத்தான் கேக்கறேன்” என்றாள். வேறு யாருக்கோ சொல்வது போல இருந்தது. கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள், அதைக் கழற்றிப் பையில் போட்டாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தினாள், நிற்கவில்லை. “மிஸ் டாலிவர், அப்ப உங்க குடும்பம் எங்கே?”

வெர்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கை காட்டினாள். குளக்கரை வழியாகப் பேட்டரி வண்டி ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. அதில் லுர்லீன் அத்தை. அதன் பின்னால், வண்டியைவிட வேகமாக நடக்க முடிந்தாலும் மரியாதைக்காக மெதுவாக, எலுமிச்சை மஞ்சளில் டாலிவர் வம்சம் முழுவதும்.

“எங்க பிள்ளைங்களுக்குச் சோறு போட்டது யாரு?” என்று வண்டியிலிருந்தே அதட்டினார் அத்தை.

“நாங்கதான். என்ன இப்ப?” என்றார் ரோசெல் மாமா.

“நல்லாயிருங்க. ஆனா பணியாரம் எங்களுது.” மிஸ் ப்ரூவரைப் பார்த்தார். “இந்தப் பொண்ணுக்கு ஒரு தட்டு வைங்க.”

“ஐயோ, இப்பத்தான் சாப்பிட்டேன்.”

“அது பிக்கெட் சாப்பாடு கண்ணு. அதெல்லாம் கணக்குல வராது.”

அன்றைக்கு மிஸ் ப்ரூவர் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டுதான் காருக்கு நடந்தாள். பிள்ளைகளைத் திரும்பவும் காரில் ஏற்றுகிற நேரம் வந்தபோது மட்டும் இரண்டு கூட்டத்திலும் சத்தம் அடங்கிப்போனது. நைலா ஜன்னலில் கையை வைத்தாள். வெர்லீன் வெளியே கையை வைத்தாள். “திங்கக்கிழமை” என்றாள் வெர்லீன். அதற்கு மேல் சொன்னால் அழுதுவிடுவாள்.

திங்கட்கிழமை நீதிமன்றத்தில் உட்கார இடமில்லை. நீதிபதி கண்ணாடியை இறக்கிக்கொண்டு அறையைப் பார்த்தார். “இந்தப் பிள்ளைகளுக்கு உறவினர் இல்லைன்னு இங்கே எழுதியிருக்கு. இவங்கள்லாம் யாரு?”

“அது தப்பு ஐயா” என்றாள் மிஸ் ப்ரூவர். “உறவினர்களைத் தேடவே இல்லைங்கிறதுதான் சரி. நான் சனிக்கிழமை தேடினேன். அப்புறம் அவங்ககிட்டேருந்து தப்பிச்சு வர்றதுதான் கஷ்டமாயிருந்தது.” சின்னவள் அன்றைக்கு எப்படிப் பேசினாள், மூத்தவள் யாரை நம்பிக் காத்திருந்தாள் என்று எல்லாம் சொன்னாள். வளர்த்த தம்பதியும் எழுந்தார்கள். “அவ சிரிப்பான்னே எங்களுக்குத் தெரியாது” என்று அந்த அம்மாள் அழுதாள். “ரெண்டு பேரும் சேந்து அவங்க வீட்டுக்கே போகட்டும்.”

“டாலிவர் குடும்பத்தார் எழுந்து நில்லுங்க” என்றார் நீதிபதி. எலுமிச்சைச் சட்டைகள் எழுந்தன. கூடவே மாம்பழச் சட்டைகளும் எழுந்தன.

“நீங்க?”

“நாங்க பிக்கெட்டுங்க ஐயா” என்றார் ரோசெல் மாமா. “உறவு இல்லைதான். ஆனா சோறு போட்டாச்சு. இனி எப்படி உக்கார்றது?”

நீதிபதி ரொம்ப நேரம் குனிந்து ஏதோ எழுதுகிற மாதிரி இருந்தார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. பிறகு நிமிர்ந்து, பிள்ளைகள் இருவரும் வெர்லீன் டாலிவர் வீட்டுக்குப் போகலாம் என்றார். வெர்லீன் “அல்லேலூயா” என்று ஒரே ஒரு தரம்தான் சொன்னாள். பக்கத்து அறையில் நடந்த வேறொரு வழக்கு அதில் நின்றுபோனது.

ஆகஸ்டில் பள்ளிக்கூடம் திறந்தது. நைலாவும் ப்ரியெலும் பெரியம்மாவின் பஸ்ஸிலேயே போய் வருகிறார்கள். சாயங்காலம் மற்ற பிள்ளைகள் எல்லாரும் இறங்கின பிறகு, நைலா முன்சீட்டில் உட்கார்ந்து ஒன்றும் தெரியாதவள் போல ஜன்னலைப் பார்ப்பாள். வெர்லீன் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பாள். எந்தச் சீட்டுக்கு அடியில் என்று அவளுக்கு முதலிலேயே தெரியும். ஒரு ஷூ வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆனாலும் ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து, “இங்க இல்லை... இங்கயும் இல்லை... ஐயோ, எங்க போச்சு எம் பிள்ளை” என்று புலம்பிக்கொண்டே போவாள். கடைசிச் சீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள்ளேயே அங்கிருந்து விக்கல் சத்தம் கேட்கும்.